உறுதியும் உக்கலும்: ஒக்லாந்தில் நாம் வீடு வாங்கிய கதை

யாழ்ப்பாணத்துத் தமிழில் காணிப் பத்திரத்துக்கு 'உறுதி' என்று பெயர். தமிழ்நாட்டில் பத்திரம் என்பார்கள், கிரயம் என்பார்கள். எமக்கு மட்டும் அது உறுதி. ஒரு கடதாசிக்கு இவ்வளவு பெரிய பெயரைச் சூட்டிய சனம் அந்தக் கடதாசியை ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை என்பதுதான் வேடிக்கை. உறுதியை ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினோம். பூட்டிவிட்டு வேலியைப் பார்க்கப் போனோம். பக்கத்துக் காணிக்காரன் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டானா என்பதே எமது பரம்பரைக் கவலை.

அந்தக் கவலையை மூட்டை கட்டிக்கொண்டுதான் நாம் நியூசிலாந்துக்கும் வந்தோம். எமது நண்பர் ஒருவர் 2001 இல் ஒக்லாந்தின் வடகரையில் வீடு வாங்கினார். ஊரில் தகப்பனாரின் காணி வழக்கு பதினாறு வருடம் இழுபட்டதைப் பார்த்து வளர்ந்தவர். சட்டத்தரணியிடம் அவர் மூன்று தடவை கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உறுதியில் வில்லங்கம் ஒன்றும் இல்லையே?" சட்டத்தரணி ஒற்றைப் பக்கத்தைக் காட்டினார். சொந்தக்காரர் பெயர், காணியின் இலக்கம், வங்கியின் ஈடு. அவ்வளவுதான். இவ்வளவு சுத்தமான உறுதியை வாழ்க்கையில் கண்டதில்லை என்று எமக்கெல்லாம் அவர் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தார்.

ஐந்து மாரிகள் கழித்து, 2006 ஜூனில், சின்ன மகளின் அறையில் யன்னலுக்குக் கீழே ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. உட்சுவர்ப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளேயிருந்த மரச்சட்டம் விரலால் நுள்ளி எடுக்கக்கூடியதாக இருந்தது. தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி. உறுதி உறுதியாகவே இருந்தது. வீடுதான் உக்கிப்போயிருந்தது.

அந்த வீட்டின் கதையைத் தனிமனிதர் ஒருவரின் துரதிர்ஷ்டமாக மட்டும் பார்க்க முடியாது. எமக்குப் பழக்கமான சட்டம் எந்த இடத்தில் பயப்படச் சொல்லித்தந்தது, இந்த நாட்டுச் சட்டம் எந்த இடத்தில் எம்மைக் கைவிட்டது என்ற இரண்டு வரலாறுகள் அந்தச் சுவருக்குள் சந்தித்துக்கொண்டன. அவற்றைத் தனித்தனியே பார்ப்பது பிரயோசனமானது.

*

இலங்கையை ஆண்ட பிரித்தானியர் 1840 ஆம் ஆண்டில் இரண்டு கட்டளைச் சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணி கைமாறுவதானால் அது எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் இருக்கவேண்டும் என்றது அது. மற்றது 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம். காடும் தரிசும் ஆட்சியில் இல்லாத நிலமும் மறுதலிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. ஒன்று சனங்களின் கடதாசியை ஒழுங்குபடுத்தியது. மற்றது கடதாசி இல்லாத சனங்களின் நிலத்தை எடுத்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு அடியில் இன்னொரு பழைய படை இருந்தது. ஒல்லாந்தர் 1706 இல் தொகுப்பித்து 1707 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று அது சொத்தைப் பிரித்தது. பங்காளியோ உரித்தாளியோ இருக்க, அவருக்குச் சொல்லாமல் வெளியாருக்கு விற்க முடியாது என்றது. இந்த முற்கொள்வனவு உரிமையை 1947 ஆம் ஆண்டுச் சட்டம் சுருக்கியபோதிலும் ஒழித்துவிடவில்லை. மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்பதும் இந்த வழமையோடு ஒட்டிய சட்டம்தான். பிள்ளைகளுக்கிடையில் பிரிக்காமல் விட்ட காணியில் எட்டில் ஒன்று, அந்த எட்டிலொன்றில் மூன்றில் ஒன்று என்று பங்குகள் பெருகின. கிணற்றில் பங்கு, வழிவாய்க்காலில் பங்கு என்று உறுதிகள் நீண்டன.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஊரில் உறுதியைப் பதிவதால் உரித்து உண்டாவதில்லை என்பது. காணிக் கந்தோரில் பதிவது உறுதி என்ற பத்திரத்தை மட்டுமே. எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரித்து இருந்ததா என்று அரசு ஒருபோதும் பொறுப்பெடுத்ததில்லை. உரித்துப் பதிவுக்கென்று 1998 இல் தனிச்சட்டம் வந்தபோதிலும் வடக்கின் பெரும்பாலான காணிகள் பழைய முறையில்தான் கைமாறுகின்றன. போதாததற்கு 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருடம் எதிர்ப்பின்றி இருந்தவனுக்குக் காணியையே கொடுத்துவிடும். ஆகவே எமது அப்புமார் வாங்கும்போது முப்பது நாற்பது வருடத்து உறுதிகளை அடுக்கிவைத்து, பிறக்கிராசியிடம் கொடுத்து, தோம்புவரை தேடச் சொன்னார்கள். வீட்டை யாரும் பரிசோதிக்கவில்லை. சுண்ணாம்பும் கல்லும் பனைமரமுமான வீடு கண்ணுக்கு முன்னால் நின்றது. வெடித்தால் தெரியும். கறையான் பிடித்தால் தெரியும். காணியைப் பற்றித்தான் பயப்படவேண்டும். வீடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

*

அதே 1840 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 இல், நியூசிலாந்தின் வடக்கே வைத்தாங்கியில் பிரித்தானிய முடியும் மாவோரித் தலைவர்களும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். அதன் இரண்டாம் பிரிவில் ஒரு முற்கொள்வனவு உரிமை இருக்கிறது. மாவோரிகள் நிலத்தை விற்க விரும்பினால் முதலில் முடிக்கே விற்கவேண்டும் என்பது. தேசவழமையில் அந்த உரிமை வெளியாரிடமிருந்து பங்காளியைக் காப்பாற்ற இருந்தது. இங்கே அது வெளியாரின் கைக்கே கொடுக்கப்பட்டது.

அதன் பலன் உடனேயே தெரிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நாட்டி வாத்துவா மக்கள் ஏறக்குறைய 3,000 ஏக்கரைப் புதிய தலைநகருக்காக ஆளுநர் ஹொப்சனிடம் கொடுத்தார்கள். கிடைத்தது 50 பவுண் காசும் கம்பளி, புகையிலை முதலிய பொருட்களும். அடுத்த ஆண்டில் அதில் நூறு ஏக்கருக்கும் குறைந்த ஒரு துண்டை மட்டும் அரசு விற்று 24,000 பவுணுக்கு மேல் எடுத்தது. ஒக்லாந்தின் முதலாவது வீட்டுக்காணி விற்பனை இதுதான். இந்த நகரத்தில் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் பற்றி யாராவது ஆச்சரியப்பட்டால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு 1865 இல் காணி நீதிமன்றம் வந்து கூட்டுரிமையைத் தனித்தனிப் பெயர்களாக உடைத்தது. விற்கக்கூடாது என்று வைத்திருந்த ஒராகேய் நிலமும் துண்டு துண்டாகப் போனது. கடைசியில் 1950 களின் தொடக்கத்தில் ஒகாஹு குடாவிலிருந்த அவர்களுடைய கிராமத்திலிருந்து சனத்தை வெளியேற்றி வீடுகளை எரித்தார்கள். எஞ்சியது கால் ஏக்கர் மயானம். 1977 இல் அதே மக்கள் பாஸ்ரியன் பொயின்ரில் 506 நாட்கள் குந்தியிருந்ததும், 1978 மே 25 இல் பொலிஸ் வந்து 222 பேரைக் கைதுசெய்ததும் அந்த எரிப்பின் தொடர்ச்சி. வீடு எரிவதைப் பார்த்துவிட்டு வந்த எமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் எம்மில் அநேகர் அந்தக் குன்றடிச் சாலையால் காரில் போய்வந்தும் அதை அறியாமலிருந்தோம்.

இப்படித் திரட்டிய நிலத்தின்மீதுதான் 1870 ஆம் ஆண்டின் காணி மாற்றுச் சட்டம் வந்தது. தென் அவுஸ்திரேலியாவில் 1858 இல் ரொபேட் ரொறன்ஸ் தொடக்கிவைத்த முறை அது. பழைய உறுதிகளை அடுக்கத் தேவையில்லை. அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். அதற்கு அரசே பொறுப்பு. பதிவேட்டை நம்பியதால் அநியாயமாக இழந்தவருக்கு அரசே நட்டஈடு கொடுக்கும்.

இந்த முறை எவ்வளவு இறுக்கமானது என்பதை இலண்டன் கோமறைக் கழகம் தீர்த்த 'ஃபிரேசர் எதிர் வோக்கர்' வழக்கு காட்டியது. மனைவி கணவனின் கையொப்பத்தைப் பொய்யாக வைத்து வீட்டை ஈடு வைத்தார். கடன் கட்டப்படவில்லை. ஈட்டுக்காரர் வீட்டை விற்றார். ஒன்றும் அறியாத ஒருவர் வாங்கிப் பதிந்துகொண்டார். கணவன் நீதிமன்றத்தில் அதை எதிர்த்தான். கையெழுத்துப் பொய் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டபோதும் வாங்கியவரின் உரித்து நின்றது. இன்றைய 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையான அநீதி நேரும் இடத்தில் பதிவேட்டைத் திருத்த நீதிமன்றத்துக்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. அடிப்படை மாறவில்லை.

எமது நண்பருக்குக் கிடைத்த ஒற்றைப் பக்கம் இவ்வளவு வலிமையானது. ஊரின் நாற்பது உறுதிகள் தராத நிம்மதியை அது தந்தது உண்மை. தவறு அந்தப் பக்கத்தில் இல்லை. அது நிலத்தின் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு மட்டுமே விடை. நிலத்தின்மேல் நிற்பது என்ன என்ற கேள்வியை அது காதில்கூடப் போட்டுக்கொள்வதில்லை. நாமோ அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகாதவர்கள்.

*

1991 இல் நியூசிலாந்து புதிய கட்டடச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1980 களின் நடுப்பகுதியிலிருந்து எல்லாவற்றையும் சந்தையிடம் விடுவது நாட்டின் கொள்கையாகியிருந்த காலம். இன்ன மரம், இன்ன ஆணி, இன்ன அளவு என்று சொல்லும் பழைய விதிகள் போய், வீடு இன்ன விதமாக இயங்கவேண்டும், அதை எப்படிச் சாதிக்கிறாய் என்பது உன் பாடு என்ற முறை வந்தது. நகரசபைப் பரிசோதகர்களுக்குப் போட்டியாகத் தனியார் அத்தாட்சிக்காரர்கள் வந்தார்கள். கட்டுகிறவன் காசு கொடுக்க, அதே கட்டடத்தை அவர்கள் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது மாற்றம் மரத்தில். பல பத்தாண்டுகளாகச் சட்ட மரங்கள் போரன் கலந்த இரசாயனத்தில் பதப்படுத்தப்பட்டே பாவிக்கப்பட்டன. 1990 களின் நடுப்பகுதியில், சூளையில் உலர்த்திய பைன் மரமாக இருந்தால் பதப்படுத்தத் தேவையில்லை என்று அனுமதித்தார்கள். உலர்ந்தே இருக்கும்வரை அது சரிதான். மூன்றாவது மாற்றம் நாகரிகத்தில். மத்தியதரைக்கடற் பாணி என்று தாழ்வாரமில்லாத கூரை, மட்டமான மொட்டை மாடி, இடைவெளி இல்லாமல் ஒட்டிய சீமெந்துத் தகட்டின்மேல் பூச்சு. பார்வைக்குக் கல்வீடு. தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும்.

எம்மவருக்கு இந்தப் பாணி பிடித்துப்போனதில் ஒரு காரணம் உண்டு. இந்நாட்டின் பழைய வீடு பலகை வீடு. எமது மனக்கணக்கில் பலகை வீடு வறுமை, கல்வீடு அந்தஸ்து. வெள்ளைப் பூச்சுடன் நின்ற அந்தப் புதிய வீடுகள் எமக்குக் கல்வீடாகத் தெரிந்தன. எண்பது வருடமாக ஒழுகாமல் நின்ற பலகை வீட்டைத் தாண்டிப்போய், எட்டு வருடத்தில் உக்கப்போகிற கடதாசிக் கல்வீட்டை வாங்கினோம்.

ஒக்லாந்து மழை ஊரின் மாரிமழை போன்றதல்ல. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. காற்றோடு பக்கவாட்டில் நாட்கணக்கில் சிணுங்கும். தாழ்வாரம் இல்லாத சுவரின் யன்னல் மூலையால் நீர் உள்ளே போகும். பழைய பலகை வீட்டில் அந்த நீர் வடிந்து காற்றில் காய்ந்துவிடும். இந்த அடைத்த சுவருக்குள் போன நீருக்கு வெளியேற வழியில்லை. பதப்படுத்தாத மரம் அதைக் குடித்துக்கொண்டு நின்றது. பூஞ்சணம் பிடித்தது. மூச்சு வருத்தக்காரப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

2002 இல் டொன் ஹன் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தபோது இது தனித்தனி வீடுகளின் பிழை அல்ல, முறைமையின் பிழை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டிலேயே ஒழுகும் வீட்டுப் பிணக்குகளுக்கென்று தனிச்சட்டம் வந்தது. 2004 இல் புதிய கட்டடச் சட்டம் வந்தது, மரத்தைப் பதப்படுத்துவதும் திரும்பி வந்தது. 2009 இல் அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீடு ஏறக்குறைய 42,000 வீடுகள் என்றும், அது 22,000 க்கும் 89,000 க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றும், செலவு 11.3 பில்லியன் டொலர் என்றும் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பங்கு ஒக்லாந்தில். 2002 இல் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நாம் என்ன செய்தோம்? அது வேறு யாருடையவோ பிரச்சினை என்று சமாதான முயற்சிச் செய்திகளுக்கு மாறினோம். கொழும்பில் அப்போது யுத்தநிறுத்தம்.

*

நண்பரின் வீட்டுக்கு இறுதி அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கப்பட்டது 1996 ஒக்டோபரில். கறை தெரிந்தது 2006 ஜூனில். அவர் சட்டத்தரணியிடம் போனது 2007 பெப்ரவரியில். இடையிலுள்ள எட்டு மாதமும் வெட்கத்தில் போனது. விஷயம் வெளியில் தெரிந்தால் வீட்டின் விலை போய்விடும், வங்கிக்குத் தெரிந்தால் கடனை மீளக் கேட்கும், சனம் சிரிக்கும். அலமாரியை அந்தச் சுவரோடு சேர்த்து வைத்து மறைத்தார்கள். குழந்தையை வேறு அறைக்கு மாற்றினார்கள்.

சட்டத்தரணி கோவையைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். கட்டட வேலையில் பிழை விட்டவர்மேல், அந்தப் பிழை நடந்து பத்து வருடத்துக்குப் பிறகு வழக்குப் போட முடியாது. 1991 ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் சொன்னது, 2004 ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். பிழையை எப்போது கண்டுபிடித்தாய் என்பது கணக்கில் இல்லை. ஒழுகும் வீட்டு நியாயசபைக்குப் போவதற்கும் கட்டிப் பத்து வருடத்துக்குள் இருக்கவேண்டும். நான்கு மாதத்தால் தவறிப்போனது.

பத்து வருடம். ஊரில் பத்து வருடம் சும்மா இருந்தால் காணி போகும். இங்கே பத்து வருடம் சும்மா இருந்தால் காணி போகாது, வீட்டுக்குப் பொறுப்பானவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். வேலியை விடிய விடியக் காவல்காத்த சனத்துக்கு, சுவரைக் காவல்காக்க வேண்டும் என்பது தோன்றாமல் போனது.

காலத்துக்குள் போனவர்களுக்கும் வழி நேராக இருக்கவில்லை. பல கட்டட நிறுவனங்கள் ஒரு திட்டத்துக்கென்று தொடங்கப்பட்டு, கடைசி வீடு விற்றதும் கலைக்கப்பட்டவை. இல்லாத கம்பனிமேல் எப்படி வழக்குப் போடுவது? எஞ்சி நின்றது நகரசபை. பிழைகாரர் பலராக இருந்தால் ஒவ்வொருவரும் முழு நட்டத்துக்கும் பொறுப்பு என்பது இந்நாட்டுச் சட்டம். ஆகவே கடைசியில் நின்றவர் எல்லோருடைய பங்கையும் கட்டவேண்டியதாயிற்று. நகரசபைக்கு அந்தக் கடமை உண்டு என்பதை 1996 இல் 'ஹம்லின்' வழக்கில் கோமறைக் கழகமும், 2010 டிசம்பரில் 'சன்செற் ரெறசஸ்' வழக்கில் நியூசிலாந்து உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தன. 2012 இல் தக்கபுனாவின் 'ஸ்பென்சர் ஒன் பைரன்' வழக்கு அதைக் குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கும் விரித்தது. நகரசபை கட்டியது என்றால் வரி செலுத்துகிற நாமெல்லோரும் கட்டினோம் என்பதே பொருள். முறைமையை அமைத்த மத்திய அரசோ சட்டப்படி தப்பிக்கொண்டது. அதன் கட்டடத்துறை அதிகாரசபைக்கு வீட்டுக்காரர்மேல் அத்தகைய கடமை இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொறுப்பை அவரவர் பங்குக்கு மட்டும் சுருக்கப்போவதாக அரசு 2025 இல் அறிவித்ததும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். நகரசபைகளுக்கு அது நிம்மதி. கம்பனி கலைந்துபோன வீட்டுக்காரருக்கு எஞ்சுவது என்ன என்பதைப் பார்க்கவேண்டும்.

2011 இல் அரசு உதவித்திட்டம் ஒன்று வந்தது. திருத்தச் செலவில் கால்பங்கு அரசு, கால்பங்கு நகரசபை, அரைப்பங்கு வீட்டுக்காரர். அதை ஏற்பவர் அரசின்மேலும் நகரசபையின்மேலும் வழக்குப் போடக்கூடாது. வீட்டுக்காரரின் அரைப்பங்கே இலட்சக்கணக்கில் வந்தது. 2016 இல் திட்டம் மூடப்பட்டபோது எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதியினரே அதனால் பயன்பெற்றிருந்தார்கள்.

*

இனி விற்பதைப் பற்றி. இந்தக் கதையில் நாம் சொல்லக் கூசும் பகுதி இதுதான்.

வழக்கு இல்லை என்று ஆனதும் நண்பரிடம் எமது பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, வெயில் காலத்தில பெயின்ற் அடிச்சுப்போட்டுத் தள்ளிவிடு. நீயும் தெரியாமத்தானே வாங்கினனீ." அன்று அங்கே இருந்த நாம் யாரும் அதை மறுக்கவில்லை. சிலர் நல்ல பூச்சுக்காரரின் இலக்கமும் கொடுத்தோம்.

சட்டம் இதில் முழு ஊமையல்ல. விற்பவர் எல்லாக் குறையையும் தானாக ஒப்புவிக்கவேண்டும் என்று பொதுச்சட்டம் சொல்வதில்லை என்பது உண்மைதான். வாங்குபவரே விழிப்பாயிருக்கவேண்டும் என்பது பழைய கொள்கை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னாலோ, பாதி உண்மை சொன்னாலோ, குறையைத் திட்டமிட்டு மறைத்தாலோ அது தவறான எடுத்துரைப்பு. 1979 இலிருந்து இருந்துவந்த அந்தச் சட்டம் இப்போது 2017 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துள் இருக்கிறது. வாங்கியவர் விற்றவரைத் துரத்தலாம். வழமையான விற்பனை ஒப்பந்தத்திலேயே, தான் செய்த கட்டட வேலைக்கு அனுமதியும் அத்தாட்சியும் உண்டு என்று விற்பவர் வாக்குக் கொடுக்கிறார். அனுமதியின்றிக் கராஜை அறையாக்கி வாடகைக்கு விட்ட எம்மவர் பலர், அந்தப் பந்தியை வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தரகருக்கோ, தனக்குத் தெரிந்த குறையை மறைக்கக்கூடாது என்ற கடமை 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உண்டு.

அந்தக் கோடையில் நண்பரின் வீட்டைப் பார்க்க வந்தது கொழும்பிலிருந்து வந்து இரண்டு வருடமான ஒரு தமிழ்க் குடும்பம். இரண்டு பிள்ளைகள். தாய் சின்ன அறையைப் பார்த்து, "இதிலை மகளை விடலாம்" என்றார். நண்பர் அலமாரியை இழுத்துச் சுவரைக் காட்டினார்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. "ஏன் காட்டினனீ?" என்று நாமும் கேட்டோம். "வேலி தள்ளி நட்டவனோடை அப்பா பதினாறு வருஷம் வழக்காடினவர். நான் அதையே செய்யவோ?" என்றார். முடிவில் உள்ளதை உள்ளபடி எழுதி, காணியின் விலைக்குக் கிட்டவே வீட்டை விற்றார். வேறு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இல்லாத வீட்டுக்காக வங்கிக்குப் பத்து வருடத்துக்கு மேல் கட்டினார். அந்தப் பணத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் எம்மிடையே பிறகு வீடு வாங்கிய ஒவ்வொருவரும் முதலில் அவரையே கூட்டிக்கொண்டு போனார்கள். ஈரமானி ஒன்றை அவர் தன் காசில் வாங்கி வைத்திருந்தார்.

*

அவர் எமக்குச் சொல்லித் தந்தவற்றில் சிலதை இங்கே சேர்ப்பது பொருத்தம்.

ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்பே எல்லாப் பரிசோதனையும் முடிந்திருக்கவேண்டும். ஊர்க் கோயிலில் எலுமிச்சம்பழத்தை ஏலம் எடுத்துப் பழகிய கை எமது கை. அங்கே ரோசத்துக்கு ஏற்றலாம். இங்கே சுத்தியல் விழுந்தால் நிபந்தனை ஒன்றும் இல்லை. வங்கி மறுத்தாலும், வீடு உக்கினாலும், வழமையான பத்து வீத முற்பணம் சிக்கிக்கொள்ளும். ஏலமல்லாத ஒப்பந்தத்தில் வங்கிக்கடன், கட்டடப் பரிசோதனை, நகரசபையின் காணித் தகவல் அறிக்கை என்பவற்றை நிபந்தனையாக எழுதலாம். அந்த அறிக்கை நகரசபைக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். தெரியாததைச் சொல்லாது. மாடிக்குடியிருப்பானால் கூட்டுச் சபையின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாசிக்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கூரையின் செலவிலும் எமக்குப் பங்குண்டு.

'குறொஸ் லீஸ்' என்று ஒக்லாந்தில் நிறைய வீடுகள் உள்ளன. 1960 களிலிருந்து, காணிப் பிரிப்பு விதிகளைச் சுற்றிப்போகக் கண்டுபிடித்த வழி. காணியில் பிரிபடாத அரைப்பங்கு, வீட்டுக்கு 999 வருடக் குத்தகை. பிரிபடாத பங்கென்றால் என்னவென்று எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனாலும் பதிவுப்படத்தில் இல்லாத ஒரு விறாந்தையைப் பின்னால் கட்டிவிட்டு, விற்கப்போகும்போது உரித்தே குறையுள்ளது என்று கேட்டுத் திகைத்தவர்கள் எம்மில் உண்டு.

குத்தகை நிலத்து வீடு இன்னொன்று. ஜோன் லோகன் காம்பெல் 1901 இல் நகரத்துக்குக் கொடுத்த கோர்ன்வோல் பூங்காவின் ஓரத்து வீடுகளின் நிலவாடகை 21 வருடத்துக்கொருமுறை நிலத்தின் விலையை வைத்து மாறும். விலை ஏறியபோது வாடகையும் பலமடங்காகி, சிலர் கட்டிய வீட்டை விட்டுவிட்டே போனார்கள். மலிவாய் இருப்பதன் காரணம் கடைசிப் பந்தியில்தான் எழுதியிருக்கும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முற்பணமும் அப்படித்தான். 1976 ஆம் ஆண்டின் சட்டப்படி, பொதுவாக மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் குடும்ப வீடு இருவருக்கும் அரைவாசி. யார் காசில் வாங்கியது என்பது பெரும்பாலும் கேள்வியில்லை. ஊர்க்காணியை விற்று மகனுக்குக் கொடுத்தால் அது அவனுடைய முதுசம் என்று நாம் நினைப்போம். சட்டம் அதைத் தேடியதேட்டம் போலவே பார்க்கும். கடனாகக் கொடுத்தால் கடனென்று எழுதவேண்டும்.

வட்டி பற்றியும் ஒரு சொல். இங்கே கடனின் வட்டி பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்கே நிலையாகக் கட்டப்படுவது. மத்திய வங்கியின் வட்டி 2020 மார்ச்சில் 0.25 வீதத்துக்கு இறங்கி, 2023 மே மாதம் 5.5 வீதத்துக்கு ஏறியது. 2021 இல் உச்சவிலைக்கு வாங்கிய எமது இளையவர்கள் அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் நசிபட்டார்கள். இறங்கிய வட்டியை அவர்கள் தமது வருமானமென்று எண்ணிவிட்டார்கள்.

*

இப்போது எம்மில் பலரிடம் இரண்டு கோவைகள் இருக்கின்றன. ஒன்றில் ஊர்க் காணியின் உறுதி, மஞ்சளாகிப்போன தாள், எல்லையில் செத்துப்போனவர்களின் பெயர்கள். மற்றதில் ஒக்லாந்து வீட்டுக் கோவை. அதில் உரித்து என்று கையில் பிடிக்கத் தாளே இல்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவேடு கணினிக்குப் போய்விட்டது.

ஊர்க் கோவையையும் தூங்கவிட முடியாது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கையில் உறுதியுடன் பல வருடம் தம் காணியை எட்டியும் பார்க்க முடியாமல் இருந்தார்கள். வேறிடங்களில் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் காணியில் பத்து வருடம் இருந்தவர்கள் ஆட்சியுரிமை கேட்டார்கள். 2016 இல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்குத் தொடர முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது அது. அரச படைகளால் துரத்தப்பட்டவர்களைப் பற்றி அதன் வாசகத்தில் இல்லை. வழக்குப் போடக் கொடுத்த காலமும் இரண்டே வருடம். அது வந்ததும் முடிந்ததும் அறியாமல் எம்மவர் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஊரில் இருக்கும் உறவினருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டு, அதை இரத்துச்செய்ய மறந்தவர்களும் இருக்கிறார்கள்.

எமது நண்பர் சென்ற வருடம் ஊருக்குப் போய்வந்தார். தகப்பனார் பதினாறு வருடம் வழக்காடிய வேலி இப்போது இல்லை. இரண்டு காணியும் ஒன்றாகப் பற்றை மண்டிக் கிடக்கிறது. வீட்டின் கூரை செல்லில் போய்விட்டது. சுவர்கள் முப்பத்தைந்து மாரிமழையில் நனைந்தும் நிற்கின்றன. பையிலிருந்த ஈரமானியைப் பழக்கதோஷத்தில் சுவரில் வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். கல் காய்ந்திருந்ததாம். பிறகு நில அளவையாளரைப் பிடித்து எல்லைக் கல்லைப் போட்டுவிட்டு, பக்கத்துக் காணிக்காரரின் பிள்ளைகள் கனடாவில் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர்களுக்கும் தெரியப்படுத்தவேண்டும் என்கிறார்.